‘நாங்க பாத்துக்கறோம்’ என்று கோச் சொன்னால் போதுமா?

அமெரிக்காவிலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இது. பெயர், மாநிலம், பல்கலைக்கழகங்களின் பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் எச்-1பி விசாவில் பதினான்கு வருடமாக இங்கே வேலை பார்க்கிறார். கிரீன் கார்டு வரிசை நகரவில்லை. மூன்று வயதில் வந்த மகளுக்கு இப்போது 17. அவள் எச்-1பி-காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கிறாள். 200 யார்டு பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீச்சலில் மாநில அளவில் பெயர் வாங்கியவள். படித்து முடித்து பிசியோதெரபிஸ்ட் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, இரண்டும் கல்லூரி விளையாட்டின் மேல் அடுக்கான டிவிஷன் 1. ஒன்று தனியார் பல்கலைக்கழகம்: வருடச் செலவு மொத்தம் 88,000 டாலர், நீச்சலுக்காக 40 சதவீத ஸ்காலர்ஷிப் தருவதாக கோச் சொல்லியிருக்கிறார். மற்றது சொந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம்: அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணத்தில், அதாவது உள்மாநிலக் கட்டணத்தில், வருடம் 31,000. அணியில் இடம் உண்டு, ஸ்காலர்ஷிப் இல்லை; இரண்டாம் வருடம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். “தனியார் என்றால் சின்ன வகுப்பு, தனிக் கவனிப்பு, நாளைக்குப் பெயர்” என்பது கணவர் கட்சி. “அரசு என்றால் சட்டம் நம் பக்கம் இருக்கும், யாரும் நடுவில் கைவிட மாட்டார்கள்” என்பது இவர் கட்சி. தனியார் கோச் அனுப்பிய குறுஞ்செய்தியையும் இணைத்திருக்கிறார். பணத்தை நினைத்துக் கவலைப்படாதீர்கள், உங்கள் மகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது அதன் சாரம்.

கடிதத்தில் கையெழுத்துக்கும் கீழே இன்னொரு வரி இருந்தது. “போன மாதம் ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு நீச்சல்குள வாசலில் காரை நிறுத்தியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். காலேஜ்ல நீந்தலைன்னா என்னம்மா ஆகும்னு கேட்டாள். அவங்க அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.”

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்வி ‘தனியாரா, அரசா’ என்பது. நான் வழக்கறிஞர் என்பதால் எனக்கு வேறொரு கேள்விதான் முதலில் தோன்றுகிறது: அந்த கோச் வேறு வேலைக்குப் போய்விட்டாலும், மகளின் தோள்பட்டை மக்கர் செய்தாலும், அவளுக்கே நீச்சல் போதும் என்று தோன்றினாலும், உங்கள் கையில் என்ன மிஞ்சும்? இதற்குப் பதில் கிடைத்தால் உங்கள் கேள்விக்கும் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு ஒரு படிநிலை மனதில் ஊறிப்போயிருக்கிறது. அரசுக் கல்லூரியில் சீட் கிடைத்தால் மார்க் வாங்கிச் சேர்ந்தது, தனியார் என்றால் காசு கொடுத்துச் சேர்ந்தது. இங்கே வந்ததும் பலர் அதை அப்படியே தலைகீழாகத் திருப்பிக்கொள்கிறார்கள். ஹார்வர்டும் ஸ்டான்போர்டும் தனியார்தானே, ஆகவே தனியார் எல்லாமே உசத்தி என்று. இரண்டு கணக்கும் இங்கே பொருந்தாது. பெர்க்லியும் மிச்சிகனும் அரசுப் பல்கலைக்கழகங்கள்தான். பெயரே தெரியாத தனியார் நிறுவனங்களும் ஏராளம். விளையாட்டு மாணவர்களுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு: ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை. டிவிஷன் 3 கல்லூரிகளிலும் அப்படித்தான்.

நாற்பது சதவீதம், எதில்?

கோச் சொன்ன 40 சதவீதம் மொத்தச் செலவிலா, கல்விக் கட்டணத்தில் மட்டுமா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. மொத்தச் செலவில் என்றால் வருடம் 35,200 டாலர் வரும். நீங்கள் கட்ட வேண்டியது 52,800. நீங்கள் இணைத்த தாளில் கல்விக் கட்டணம் 66,000 என்று இருக்கிறது. அதில் மட்டும் 40 சதவீதம் என்றால் வருவது 26,400தான். நீங்கள் கட்டுவது 61,600. நான்கு வருடத்தில் வித்தியாசம் 35,200 டாலர். ஒரே ஒரு சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாததன் விலை அது. அதனால் சதவீதத்தில் பேசாதீர்கள், டாலரில் எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டணம் வருடா வருடம் ஏறும்போது அந்தத் தொகையும் ஏறுமா என்பதையும் கேளுங்கள்.

நல்லபடியாக நடந்தால் தனியாரில் நான்கு வருடத்துக்கு உங்கள் கையிலிருந்து போவது 2,11,200 டாலர். அரசில் 1,24,000. மகள் முதல் வருடம் முடிந்ததும் நீச்சலை விட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாரில் கணக்கு 52,800-உடன் மூன்று முழு வருடச் செலவும் சேர்ந்து 3,16,800 ஆகிவிடும். அரசில் ஒரு டாலர்கூட மாறாது. உங்கள் பின்குறிப்பைப் படித்துவிட்டு இந்தக் கணக்கை நான் போடாமல் இருக்க முடியவில்லை.

குறுஞ்செய்தியைப் பற்றி

“நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று எழுதிய கோச் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. மனதாரவே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ஒரு ஊழியர், அவருக்கும் ஒப்பந்தம் முடியும். என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு இப்படித்தான் நடந்தது. வாய்வார்த்தையாக எல்லாம் பேசி முடித்த கோச் மே மாதம் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஆகஸ்டில் பையன் போய்ச் சேர்ந்தபோது, புது கோச்சுக்கு அவன் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூடத் தெரியவில்லை. கையில் இருந்தது ஓராண்டுத் தாள் மட்டும்.

வாய்மொழி உறுதி எந்தப் பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. முன்பு, இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் சேர்வேன் என்று வீரர் கையெழுத்திடும் ‘நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்று ஒரு தாள் இருந்தது. 2024 அக்டோபரில், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அதை எடுத்துவிட்டது. இப்போது மதிப்புள்ள ஒரே தாள், பல்கலைக்கழகம் கையெழுத்திட்டுத் தரும் நிதியுதவி ஒப்பந்தம். ஓராண்டுக்கா, நான்காண்டுக்கா என்பது அதில்தான் இருக்கும். நான்காண்டுக்கு எழுதித் தர விதி இடம் கொடுக்கிறது. கேட்டால் தருகிற இடங்கள் உண்டு, ஆனால் கேட்காமலே கிடைத்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

2024 ஆகஸ்ட் 1 முதல் எல்லா டிவிஷன் 1 பல்கலைக்கழகங்களுக்கும், அரசோ தனியாரோ, சில அடிப்படை உத்தரவாதங்கள் கட்டாயம். சரியாக நீந்தவில்லை, காயம்பட்டுவிட்டாள் என்ற காரணத்தைக் காட்டி ஸ்காலர்ஷிப்பைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. விளையாட்டில் பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவைப் படிப்பு முடிந்தும் குறைந்தது இரண்டு வருடம் ஏற்க வேண்டும். ஆகவே ‘தோள்பட்டை போனால் பணம் போய்விடும்’ என்ற பயம் இப்போது பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் அவளாகவே விலகினால், மதிப்பெண் குறைந்து தகுதி இழந்தால், பெரிய ஒழுங்கு மீறல் செய்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. வேறு இடம் தேடி, மாற விரும்பும் வீரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்தாலும் அந்தப் பருவம் முடிந்ததும் நிறுத்தலாம். நிறுத்தினால் எழுத்தில் தெரிவித்து, மேல்முறையீட்டு விசாரணைக்கு வாய்ப்புத் தர வேண்டும். அந்த விசாரணையை விளையாட்டுத் துறையே நடத்தக் கூடாது.

அரசு என்றால் சட்டம் நம் பக்கமா?

இது பாதி உண்மை. அரசுப் பல்கலைக்கழகம் சட்டத்தின் பார்வையில் அரசாங்கத்தின் ஓர் அங்கம். அதனால் அரசியலமைப்பு அதைக் கட்டுப்படுத்தும். பேச்சுரிமை உண்டு, விசாரிக்காமல் மாணவரை வெளியேற்ற முடியாது. 1961-ல் அலபாமா அரசுக் கல்லூரி மாணவர்கள் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பிலிருந்து இது நிலைபெற்றது. தனியாரில் அரசியலமைப்பு நேரடியாக நுழையாது. அங்கே உங்கள் உரிமை என்பது கையேட்டிலும் ஒப்பந்தத்திலும் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

ஆனால் அரசு என்பதால் சில கதவுகள் மூடியும் இருக்கும். கவனக்குறைவால் காயம்பட்டால் மாநிலத்தின் மீது வழக்குப் போட வரம்புகள் உண்டு. சில மாநிலங்களில் சில மாதங்களுக்குள்ளேயே முன்னறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். அணியில் இடம் என்பது ஓர் உரிமை என்று பெரும்பாலான நீதிமன்றங்கள் ஏற்றதில்லை, அரசுப் பல்கலைக்கழகத்திலும்கூட. ‘கைவிட மாட்டார்கள்’ என்று நீங்கள் எழுதியது அதனால் கொஞ்சம் அதிகப்படியான நம்பிக்கை.

தனியாருக்கு எதிரான இரண்டு பழைய வழக்குகளைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்த ஒரு மாணவர், மதிப்பெண் குறைந்ததால் பயிற்சிக்குப் போகாமல் படித்தார். மதிப்பெண் ஏறியது, ஆனாலும் பயிற்சிக்குத் திரும்பவில்லை. ஸ்காலர்ஷிப் நிறுத்தப்பட்டது. தந்தையும் மகனும் வழக்குப் போட்டார்கள். 1972-ல் நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. விளையாடுவது ஒப்பந்தத்தின் ஒரு பகுதி, படிப்பைக் காரணம் காட்டி அதை விட முடியாது என்று. இரண்டாவது, கிரைட்டன் பல்கலைக்கழகத்தின் மீது ஒரு கூடைப்பந்து வீரர் போட்ட வழக்கு. நான்கு வருடம் விளையாடி வெளியே வந்தபோது அவருடைய வாசிப்புத் திறன் ஏழாம் வகுப்பு அளவில்தான் இருந்தது. 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ‘படிப்பு மோசம்’ என்ற பொதுப்படையான புகாரை நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது என்றது. ஆனால் குறிப்பிட்ட ஒரு வாக்குறுதி கொடுத்து அதை அடியோடு மீறினார்கள் என்றால் அதை விசாரிக்கலாம் என்றும் சொன்னது. உங்கள் விஷயத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்பது எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. ‘வருடம் 35,200 டாலர், நான்கு வருடத்துக்கு’ என்பது நிற்கும்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் பலர் பயன்படுத்தாத ஒரு வசதியும் இருக்கிறது. மாநிலத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கோச்சின் ஒப்பந்தத்தையே கேட்டு வாங்கலாம். எந்த வருடம் முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மகளின் முதல் வருடத்தோடு முடிகிறதென்றால் அவருடைய வாக்குக்கு அவ்வளவுதான் ஆயுள். தனியாரில் இது கிடைக்காது. ஆனால் எந்த விளையாட்டில் எத்தனை பேர், எவ்வளவு செலவு என்ற விவரத்தை இரண்டு வகைப் பல்கலைக்கழகங்களும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிடுகின்றன. கல்வித் துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

அணியே இல்லாமல் போனால்?

இதை நீங்கள் கேட்கவில்லை. நீச்சல் என்பதால் நானாகவே சொல்கிறேன். 2025 ஜூலை முதல், என்.சி.ஏ.ஏ. மீது வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசப்படி, பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருட உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. அந்தப் பணத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும், நீச்சல் வருமானம் தரும் விளையாட்டு அல்ல. கலிஃபோர்னியாவின் கால் பாலி என்ற அரசுப் பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல் அணியை மூடியது.

தனியார், பணக்காரப் பல்கலைக்கழகம் என்றால் இந்த ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். 2020-ல் ஸ்டான்போர்ட் 11 விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்தது. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 2021-ல்தான் பின்வாங்கியது. அதே 2020-ல், அரசுப் பல்கலைக்கழகமான அயோவா பல்கலைக்கழகம் ஆண், பெண் இரு நீச்சல் அணிகளையும் நிறுத்தியது. மாணவிகள் ‘டைட்டில் 9’ என்ற 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட, பெண்கள் அணி மட்டும் திரும்பி வந்தது. மத்திய அரசின் நிதி வாங்கும் எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். உங்கள் மகளுக்கு ஆண் நீச்சல் வீரர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் கவசம் இருக்கிறது என்பது இதில் ஆறுதல்.

சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்குப் பதிலாக அணியின் தலை எண்ணிக்கைக்கு வரம்பு வந்துவிட்டது. பெண்கள் நீச்சலுக்கு 30 பேர். ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேரும் பிள்ளையின் இடம்தான் முதலில் ஆட்டம் காணும். அரசுப் பல்கலைக்கழக கோச்சிடம் ‘இப்போது அணியில் எத்தனை பேர், அடுத்த வருடம் எத்தனை பேர் வருகிறார்கள்’ என்று நேரடியாகக் கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

விசா: நீங்கள் நான்கு வரியில் கடந்துபோனது

மகள் வருகிற அக்டோபரில் 18-ஐத் தொடுகிறாள் என்றால், நான்காம் வருடத் தொடக்கத்தில் 21 ஆகிவிடும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எச்-4 முடிந்து, மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டும். பிள்ளையின் வயதைக் குறைத்துக் கணக்கிட 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சிலருக்கு உதவும். உங்களுக்கு உதவுமா என்பதை உங்கள் குடியேற்ற வழக்கறிஞர் தேதிகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இப்போதே கேளுங்கள்.

எச்-4 பிள்ளைகளைப் பல மாநிலங்கள் உள்மாநிலத்தவராக ஏற்கின்றன. எஃப்-1 ஆனதும் பல இடங்களில் அந்தச் சலுகை போய்விடும். உள்ளூர்ப் பள்ளியில் இத்தனை வருடம் படித்திருந்தால் தொடரலாம் என்ற விதி உள்ள மாநிலங்களும் உண்டு. பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள். மோசமான நிலையில், நீங்கள் குறிப்பிட்ட வெளிமாநிலக் கட்டணமான 56,000 கடைசி வருடத்துக்கு வந்தாலும் அரசில் மொத்தம் 1,49,000தான். தனியாரின் நல்ல கணக்கைவிட அது 62,200 குறைவு.

எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. என்ற மாணவர் நிதியுதவி விண்ணப்பத்தின் வழி வரும் மத்திய அரசு உதவி உங்கள் மகளுக்குக் கிடையாது. ஸ்காலர்ஷிப் வாங்கத் தடையில்லை, அது சம்பளம் அல்ல. ஆனால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் என்று வரும் பகுதி வருமானவரிக் கணக்கில் சேரும். மற்றப் பிள்ளைகள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிப்பதைப் பார்த்து அவளும் ஆசைப்படலாம். எச்-4-ல் இருக்கும் பிள்ளைகளுக்கு வேலை அனுமதியே இல்லை. எஃப்-1-லும் அந்தப் பணம் அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படும் அபாயம் இருக்கிறது. அணியில் யாராவது ‘சும்மா ஒரு போஸ்ட்தானே’ என்று ஒப்பந்தத்தை நீட்டினால், உங்களைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இன்றே சொல்லி வையுங்கள். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு அந்தச் சில நூறு டாலர் மிகப் பெரிய விலை.

சின்ன வகுப்பு

உங்கள் கணவரின் வாதத்தை நான் ஒதுக்கவில்லை. பேராசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரிவது பெரிய விஷயம்தான். ஆனால் பிசியோதெரபிக்குப் போகிறவள் உயிரியல், வேதியியல், இயற்பியல், உடற்கூறியல் என்று லேப் லேபாகப் போயாக வேண்டும். சிறிய இடத்தில் ஒரு லேப் ஒரே நேரத்தில்தான் நடக்கும், அது பிற்பகல் இரண்டு மணி என்றால் நீச்சல் பயிற்சியோடு மோதும். பெரிய பல்கலைக்கழகத்தில் அதே லேபுக்கு ஏழெட்டு நேரங்கள் இருக்கும். போட்டிக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் பயிற்சி என்பது விதி. பயணம், காயத்துக்கான சிகிச்சை எல்லாம் அந்த இருபதில் சேராது. இரண்டு அணிகளிலும் இப்போது மூன்றாம், நான்காம் வருடத்தில் அறிவியல் படிக்கிற மாணவிகள் எத்தனை பேர் என்று கேளுங்கள், அவர்களில் ஒருத்தியிடம் கோச் பக்கத்தில் இல்லாதபோது மகளைப் பேசச் சொல்லுங்கள். ‘இங்கே எல்லாரும் கடைசியில் வேறு பாடத்துக்கு மாறிவிடுவார்கள்’ என்று சொன்னால், அந்த இடத்தின் பெயரும் வகுப்பின் அளவும் எதற்கு?

பிசியோதெரபி டாக்டர் பட்டம் இளங்கலைக்குப் பிறகு இன்னும் மூன்று வருடம். அதற்கு நீச்சல் ஸ்காலர்ஷிப் வராது. இப்போதே சேமிப்பைக் காலி செய்துவிட்டால் அவள் உண்மையில் விரும்பும் படிப்புக்குக் கடன்தான் மிஞ்சும்.

என் கருத்தைக் கேட்டால், இன்று உங்கள் மேஜையில் இருக்கும் தாள்களை வைத்து அரசுப் பல்கலைக்கழகம் என்பேன். தனியார் என் மனதை மாற்ற ஒரு வழி உண்டு. நீச்சலோடு சம்பந்தமில்லாத, மதிப்பெண்ணுக்கான ஸ்காலர்ஷிப்பாக அந்தத் தொகையின் பெரும்பகுதியைத் தர முடியுமா என்று சேர்க்கை அலுவலகத்தில் கேளுங்கள். கோச்சிடம் கேட்க வேண்டாம். அப்படி வரும் பணம், அவள் குளத்தை விட்டு ஏறினாலும் மதிப்பெண் இருக்கும்வரை நிற்கும். நான்காண்டுக்கு, டாலரில், எழுத்தில் கொடுத்தால் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.

அந்தப் பின்குறிப்புக்கு வருகிறேன். அன்று காரில் நீங்கள் அவளுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைகள் விடியற்காலை ஐந்து மணிக்குச் சொல்வதையெல்லாம் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்த போட்டியில் பதக்கம் வாங்கினால் அவளே மறந்துவிடலாம். ஆனால் உங்கள் கணவர் இப்போது தேர்ந்தெடுக்க நினைப்பது, அவள் நான்கு வருடமும் நீந்துவாள் என்பதை மட்டுமே நம்பி நிற்கும் கணக்கு. அந்தக் காலையைப் பற்றித் தெரியாமல் அவர் கையெழுத்துப் போடக் கூடாது. நீங்கள் சொல்வதைவிட மகளே அப்பாவிடம் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.